ஜோடி பிரிந்த செல்

மாலை நாலு பத்துக்குக் கரண்ட் போனது. நாலே காலுக்கு என் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவது ஹால் கடிகாரத்தால். கோளாறும் அதனால்தான்.

அதற்குமுன் ஜோடி அண்ணாத்தயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேளம்பாக்கத்தில், ஏன், இந்தக் கடற்கரை முழுக்கவே, பேட்டரி செல்லுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் ஒரே மனிதர் அவர். வேலை, வங்கியில் அதிகாரி. எங்கள் குடியிருப்பில் யாரும் புதுச் செல் வாங்கக் கூடாது. ஞாயிறு காலையில் கூடையோடு வருவார். பழைய ரேடியோ, டார்ச், கேமரா எல்லாவற்றிலிருந்தும் தான் தந்த செல்களைக் கழற்றிக்கொண்டு போய், சார்ஜ் ஏற்றி மாலையில் திருப்பித் தருவார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே நிறத்தில் நகப்பூச்சுப் பொட்டு. பூச்சு அவர் மனைவியுடையது. அந்த அம்மாளின் நகத்தில் நிறம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

"ஒண்ணா சார்ஜ் ஆனது ஒண்ணாத்தான் காலியாவணும். பிரிச்சா, கெட்டது நல்லதயும் கவுத்துடும்" என்பார்.

என் மகளின் ஒரு பிறந்தநாளில், கேக் வெட்டும் நேரம் பார்த்து பொம்மைக் காரைக் கவிழ்த்து, "இன்னா இது, நீலமும் மஞ்சளும் ஒண்ணா படுத்துகினு கீது?" என்று கூட்டத்தையே நிறுத்தினார். சரியான நீலத்தைத் தேடி எடுப்பதற்குள் மெழுகு கேக்கில் வழிந்தது.

"பஞ்சாயத்து முடிஞ்சுதா அண்ணாத்த?" என்றார் என் கணவர்.

"சிரி மாப்ள. ஒரு நாள் மாட்டுவே."

மாட்டியது நான், கரண்ட் போன அந்த மாலையில். வெளியே புயல் மழை, தெருவில் முட்டியளவு தண்ணீர், ஆட்டோ எதுவும் வராது. கணவர் அலுவலகத்தில் சிக்கியிருந்தார். மகளுக்கு மருந்தை ஆவியாக்கித் தரும் பழைய நெபுலைசர், கரண்ட் இல்லாதபோது இரண்டு செல்லில் ஓடும். மருந்தை ஊற்றி அழுத்தினேன். விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. மூடியைத் திறந்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

மகள் தோள் ஏறி இறங்க மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணாத்தக்குப் போன் போட்டேன். "நெபுலைசர்ல சிவப்பும் பச்சையும்" என்பதற்குள் லைன் அறுந்தது.

எதிர் பிளாக்கிலிருந்து வந்து நாலு மாடி ஏறினார். லுங்கி தொப்பலாக நனைந்திருந்தது. கையில் சோப்பு டப்பா. புயல் செய்தி கேட்டுக்கொண்டிருந்த தன் ரேடியோவிலிருந்து கழற்றிய ஊதா ஜோடி அதற்குள் நனையாமல் இருந்தது. மாட்டியதும் மெஷின் முனகியது, ஆவி கிளம்பியது. மகளின் தோள் மெல்லத் தணிந்தது.

பிறகுதான் அந்தப் பச்சையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். எந்தச் செல் எங்கே வாழ்க்கைப்பட்டது என்பது அவருக்கு மனப்பாடம். நேராகப் போய்க் கடிகாரத்தை இறக்கினார். அதன் முதுகில் இன்னொரு சிவப்பு. நின்றுபோன கடிகாரத்துக்காக நெபுலைசரிலிருந்து ஒன்றை உருவி, கடிகாரத்தின் செத்த பச்சையை அங்கே அடைத்திருக்கிறார் என் கணவர்.

வசவுக்குக் காத்திருந்தேன். அண்ணாத்த கடிகாரத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, ஈர லுங்கியோடு தரையில் உட்கார்ந்தார்.

"கடியாரம் ஒத்த செல்லுல ஓடும் தங்கச்சி. மனுசங்களால ஆவாது. மாப்ள வர்ற வரிக்கும் நான் இங்கியே குந்திக்கினு கீறேன்."