அப்பாவுக்குக் கொடுத்த ஒன்றாம் நம்பர்

கம்ப்யூட்டரை அரைகுறையாகத் தெரிந்தவன் ஒருவன் வீட்டில் இருந்தால் போதும், வேறு கோளாறே தேவையில்லை. மன்னார்புரத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பதவியை நான் வகித்தேன்.

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் ஆபீஸில் எனக்கு வேலை. அங்கே பிரிண்டரைச் சரிபார்க்க வந்தவர் ஐபி அட்ரஸ் மாற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன் (அதுதான் என் முழுத் தகுதி). ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெம்பில் எங்கள் வீட்டு நெட்வொர்க்கில் கை வைத்தேன். இன்டர்நெட்டை வீட்டுக்குள் பிரித்துக் கொடுக்கும் ரௌட்டர் அதுபாட்டுக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபி அட்ரஸ் என்று ஒரு எண் கொடுத்து, எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அப்பாவின் கம்ப்யூட்டருக்குக் கடைசி இலக்கம் ஏழு, என் மனைவி வசந்தியின் லேப்டாப்புக்கு மூன்று. மாமனாருக்கு முன்னால் மருமகளா? கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசை மாறினாலே பேச்சுவார்த்தை நின்றுபோகும் குடும்பம் நாங்கள். அப்பாவின் ஏழாம் எண்ணை அழித்து ஒன்று போட்டேன்.

"இனிமே வீட்ல நீங்கதாம்ப்பா நம்பர் ஒன்" என்றேன். அப்பா பெருமையோடு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் பதினோரு மணிக்கு வசந்திக்கு வீடியோவில் இன்டர்வியூ. ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழந்தைக்காக ஆறு வருஷம் வீட்டில் இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. "இது போச்சுன்னா இனிமே யாருங்க கூப்பிடுவாங்க?" என்று காலையிலிருந்தே கலங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கேள்வியில் திரை அப்படியே நின்றது. நான் மொட்டை மாடிக்கு ஓடிக் கேபிளை உலுக்கினேன். இன்டர்நெட்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். நான் இறங்கி வந்தபோது, இன்டர்வியூ எடுத்த அம்மாவே வசந்தியைப் போனில் கூப்பிட்டிருந்தார்.

"மேடம், லைன்லயே இருங்க. என்ன கோளாறுன்னு நானே பார்த்துச் சொல்றேன்" என்று லேப்டாப்பில் எதையோ தட்டினாள். "ரௌட்டரோட அட்ரஸ்ல இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கு மேடம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, மாமா கம்ப்யூட்டர்ல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணாம் நம்பர் குடுத்தேன்... ஒரு மரியாதைக்கு."

"அது ரௌட்டர் நம்பருங்க! இப்ப வீட்ல இருக்கிற அத்தனையும் மாமாகிட்ட போய் இன்டர்நெட் கேக்குது!"

கூடத்தில் அப்பா அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டு நிம்மதியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார் (அதற்கு இன்டர்நெட் வேண்டாம்). விஷயத்தைச் சொன்னதும் பதறி எழுந்தார். "எனக்குக் கடைசி நம்பரே போதும்மா, மொதல்ல நீ வேலையப் பாரு."

வசந்தி பழையபடி மாற்றினாள். படம் வந்தது. "கோளாறு யாரால?" என்று கேட்டார் அந்த அம்மா. "என் வீட்டுக்காரர் மேடம்" என்றாள் வசந்தி, கொஞ்சமும் தயங்காமல். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

வேலை கிடைத்தது. பதறாமல் அவள் கோளாறைக் கண்டுபிடித்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் ஆபீஸில் இப்போது இரண்டு கம்ப்யூட்டர் ஒரே அட்ரஸுக்கு மோதிக்கொண்டால் அதற்கு 'மாமனார் கேஸ்' என்று பெயர்.

அப்பாவோ ஸ்ரீரங்கத்து உறவுக்காரர்கள் யார் வந்தாலும் ஆரம்பித்துவிடுவார்: "அன்னைக்கு நான் மட்டும் கம்ப்யூட்டரப் போடலன்னா, என் மருமக திறமை அவங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது!" வசந்தியும் "ஆமாங்க மாமா" என்பாள். அந்த நம்பரைப் போட்டது நான்தானே, எனக்குப் பங்கில்லையா என்று கேட்டால் மட்டும் இருவரும் சேர்ந்துகொண்டு சிரிக்கிறார்கள்.