வந்துவிட்டேன் என்ற தகப்பனுக்கு

திருநின்றவூர்ப் பெருமாள் திருவடிகளே துணை

முத்தாபுதுப்பேட்டை
12-7-1988

சிரஞ்சீவி மணவாளனுக்கு அப்பா பரந்தாமன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் எம்பெருமான் கிருபையால் நலம். வடக்கே பிலாயில் உன் உடம்பும் வேலையும் செவ்வையாயிருக்க அவனையே வேண்டுகிறேன்.

ஞாயிறு காலை எதிர்வீட்டுக் கெங்கம்மாள் வீட்டுப் போனில் உன் மகள் கோதை எப்போது வருவாய் என்று கேட்க, நீ "இதோ வந்துட்டேன் கண்ணு" என்றாயாம். பிறகு லைன் அறுந்ததென்று எண்ணியிருப்பாய். அறுந்தது லைன் அல்ல. அப்பா வந்துவிட்ட பின் போன் எதற்கென்று குழந்தை ரிசீவரை வைத்துவிட்டு, வழியில் பால்காரர் பால்ராஜிடமும் சேதி சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்தாள். "அப்பா வந்துட்டாரு" என்ற குரல் கேட்டதும் நான் எரிகிற கற்பூரத்தைப் பெருமாளிடமே ஒப்படைத்துவிட்டு மணியும் கையுமாய் வாசலுக்கு விரைந்தேன், உன் மனைவி ராணி உலையில் இன்னும் ஓர் ஆழாக்கு அரிசி போட்டாள், பால்ராஜ் சைக்கிளை நிறுத்தி, "இன்னா நைனா, அண்ணாத்தே வந்துகீறாராமே, எங்க காணோம்?" என்றார். கோதை கதவுக்குப் பின்னால் தேடினாள், கட்டிலுக்கடியில் தேடினாள், கடைசியில் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தும் பார்த்தாள்.

பிறகு உனக்கும் ஒரு தட்டு வைத்து, உன்னோடுதான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துகொண்டாள். பெரியவர்கள் பிரியத்தினால் வரப்போவதையே வந்துவிட்டதாகச் சொல்வது வழக்கம் என்று பக்கத்தில் அமர்ந்து விளக்கினேன். "வந்தப்புறம்தானே தாத்தா வந்துட்டேன்னு சொல்லணும்?" என்றாள். ராணி மடியில் வைத்து ஊட்டியும் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. உன் தட்டு அப்படியே காய்ந்தது.

முதலை வாயில் அகப்பட்ட யானை கூப்பிட்டபோது எம்பெருமான் வந்துவிட்டேன் என்று சொல்லியனுப்பவில்லை, வந்து நின்றான். ஆகையால் மகனே, லீவு கிடைத்து ஆவடி ஸ்டேஷனில் இறங்கும்வரை அந்தச் சொல்லை அவளிடம் சொல்லாதே. வரப் பார்க்கிறேன் என்று சொல். அவள் காத்திருப்பாள், தேடமாட்டாள்.

நீயும் உன் குடும்பமும் ஒரே கூரையின்கீழ், குறையாத அன்னமும் நிறைந்த ஆயுளும் பெற்று வாழப் பெருமாள் அருள்வானாக.

இப்படிக்கு,
பரந்தாமன்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது ராணி அடுப்படியிலிருந்து, "மாமா, கடுதாசி போட்டாச்சா?" என்று கேட்டாள். "போட்டுட்டேம்மா" என்றேன். கோதை என் கையிலிருந்த இந்த இன்லண்ட் லெட்டரைப் பார்த்தாள். போய் என் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள்.