உன் அம்மா திறந்துவிட்ட என் லேப்டாப்

அக்ராவில் லேப்டாப் கடை வைத்து நாலு காசு பார்க்கிற என் தங்கை மகன் க்வாபெனா டாச்சிக்கு, டெச்சிமானிலிருந்து உன் பெரியம்மா அமா திவா எழுதுவது. இங்கே மழை உண்டு, மூட்டுவலி உண்டு, மின்சாரம் மட்டும் இல்லை. உன் பெண்டாட்டி பிள்ளைகள் சுகமாயிருக்க வேண்டும். நீ சுகமாயிருப்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கிறேன்.

நீ விற்ற லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ. விற்பதற்கு முன்னால் போலீஸ்காரன் மாதிரி போனில் என்னவெல்லாம் கேட்டாய், ஒன்றையும் நான் மறக்கவில்லை. "பெரிம்மா, முதல்ல எதுக்குன்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்ததாத்தான் வாங்கணும்" என்றாய். என் சாவுப் புத்தகத்தை நானே எழுதத்தான் என்றேன். உன் பாட்டி செத்தபோது அவள் வாழ்க்கைக் கதையை எழுதி அச்சடித்தவள் உன் அம்மா யா பொமா. துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் கட்டி வந்த அத்தனை சனத்துக்கு முன்னால் மைக்கில் வாசித்தார்கள். கிழவியை வருஷக்கணக்காகக் குளிப்பாட்டி ஊட்டிவிட்ட என்னைப் பற்றி அதில் ஒரே வரி: 'மூத்த மகளும் இருக்கிறார்.' இருக்கிறாராம்! மூலையில் உரல் இருக்கிற மாதிரி. நான் போனால் என் கதையையும் அவள்தானே எழுதுவாள்?

"புதுசு வேணுமா, வெளிநாட்டுக்காரன் வச்சிருந்து கழிச்சது போதுமா?" என்றாய். இன்னொருத்தி கழித்துவிட்டதைக் கட்டிக்கொண்டு நான் பட்டது போதும், உன் பெரியப்பாவைச் சொல்கிறேன், புதுசே கொடு என்றேன். "கனமா இருந்தா தூக்கிட்டுப் போவீங்களா?" என்றாய். என்னைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அதையும் தூக்கட்டும் என்றேன். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்றாய். கரண்டு போனாலும் ஒரு கோபத்தை முழுசாக எழுதி முடிக்கிற வரைக்கும். கடைசியில், "யார் கண்ணுல படக்கூடாது?" என்றாய். உன் அம்மா கண்ணில் என்றேன். அப்புறம் விலையைச் சொன்னாய். வியாபாரி நீ.

கொண்டுவந்து கொடுத்த அன்று பூட்டுச்சொல் போடச் சொன்னாய், போட்டேன். "மறந்துட்டா? ஒரு குறிப்பு எழுதி வைங்க, தப்பா அடிச்சா திரையில காட்டும்" என்றாய். மறப்பதா, நானா? உனக்குப் பெயர் வைத்த விசேஷத்தில் உன் அம்மா எனக்கு ஆட்டுக் கழுத்தெலும்பைப் பரிமாறினது வரைக்கும் நெஞ்சில் வைத்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? நீ விடவில்லை. சரியென்று எழுதினேன்: 'என் பெயரைக் கெடுத்தவள்.'

போன ஞாயிறு சர்ச் முடிந்து உன் அம்மா வந்தாள். கொல்லையில் நிலக்கடலைக் குழம்பு கிண்டிவிட்டு உள்ளே வந்து பார்த்தால், மூக்கில் கண்ணாடியோடு என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"எப்படிடி திறந்தே?"

"என்னவோ அடிச்சேன், குறிப்பு வந்துச்சு. என் பேரைப் போட்டேன். வேற யாரு இருக்கா உனக்கு, அக்கா?"

அவள் ஆற அமரப் படிக்கிறாள், நடுநடுவே சிரிப்பு வேறு.

"பக்கத்துக்குப் பக்கம் நான்தான் வர்றேன். அத்தானைப் பத்தி இருக்கிறது அவர் குறட்டை ஒண்ணுதான். அட்டைப் படத்தை மாத்தினா என் சாவுக்கே வாசிச்சிடலாம் போல."

"மூடுடி அதை!"

"மூடுறேன், கத்தாதே." அப்புறம் கண்ணாடியைக் கழற்றினாள். "அம்மா புத்தகத்துல நீ பார்த்துக்கிட்டதை எழுதியிருந்தா, அப்ப நான் எங்கே போயிருந்தேன்னு ஊரே கேட்டிருக்கும்லக்கா."

இத்தனை வருஷம் கழித்து, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள்! சாப்பிடும்போது அவள் தட்டில் பெரிய கறித்துண்டு போட்டேன். கை தவறி விழுந்தது, வேறொன்றுமில்லை.

ஆகவே இது பாதுகாப்பில்லாத சாமான். வந்து எடுத்துக்கொண்டு போ. கடவுள் உன் கடையையும் என் முழங்காலையும் காப்பாற்றட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா அமா திவா

பின்குறிப்பு: எடுத்துக்கொண்டு போக வராதே. நான் கிழவியைக் குளிப்பாட்டியதையெல்லாம் உன் அம்மாவே என் புத்தகத்தில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு விரலால்தான், அதுவும் எழுத்து எழுத்தாகத் தேடி. அவள் முடிக்கிற வரைக்கும் நான் சாவதாக இல்லை. இன்னொரு சார்ஜர் அனுப்பு.