ராணிக்கு வளைகாப்பு

சிங்கப்பூரிலேயே நாய்க்குப் பஞ்சாங்கம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் டோபி அண்ணன்தான். சிராங்கூன் சாலையின் கிளைத்தெரு ஒன்றில், கடைவீட்டின் முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் நின்று துணி தேய்ப்பார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். மேல்மாடி அறையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம்.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். என் மனைவிக்கு எட்டு மாதம். அண்ணனின் ராணிக்கு ஏழு வாரம். வால் நுனி மட்டும் வெளுத்த கறுப்பு நாய் அது. அவருக்கு இருந்த ஒரே சொந்தமும் அதுதான். என் மனைவியைப் பார்க்க வரும் மிஸியை, அதாவது மருத்துவமனைத் தாதியை, அண்ணன் படிக்கட்டிலேயே மறிப்பார். ராணியின் நாக்கைப் பார்த்த பிறகுதான் மேலே விடுவார்.

ஒருநாள் மிஸி ராணியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"நாய்க்கு மொத்தமே ஒம்பது வாரந்தான். ஒரு பெட்டி தேடி, நியூஸ்பேப்பர் விரிச்சு, சத்தமில்லாத மூலையில வைங்க. இப்பவே வச்சாத்தான் பழகும்."

"வளைகாப்பு ஆகாம பெட்டி வைக்கலாமா மிஸி? பிள்ளை பொறக்குமுன்ன தொட்டில் வாங்குன மாதிரி ஆயிடாது?"

"அப்ப நாளைக்கே வளைகாப்ப முடிங்க."

"ஆடியிலயா? நல்லாச் சொன்னீங்க போங்க. ஆவணி ஒண்ணு, காலைல ஒம்பது மணிக்கு. ஐயர்கிட்ட கேட்டாச்சு லா."

"யாருக்குன்னு கேக்கலியா அவரு?"

"மகளுக்குன்னு சொன்னேன்."

ஒன்பது வாரம் முடிவதும் ஆவணி ஒன்றில்தான். மிஸி தலையில் அடித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு எதையும் முன்கூட்டியே செய்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. மனைவிக்குத் தெரியாமல் துண்டு, குட்டிச் சட்டை, போர்வை எல்லாம் வாங்கி, கட்டிலடியில் ஒரு தேயிலைப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஆவணி பிறந்தது. அஞ்சடியில் பாய் விரித்து, ஐந்து வகைச் சோறும் தயார். தெருவே கூடிவிட்டது. அண்ணன் ராணிக்குக் கட்ட ஒரு கழுத்துக் கயிற்றில் கண்ணாடி வளையல்களைக் கோத்து எடுத்துக்கொண்டு திரும்பினால், ராணியைக் காணோம்.

மாட்டுக்கொட்டகை, காய்கறிக்கடை, கால்வாய் எல்லாம் தேடினார். சாலையில் ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. அண்ணன் கையிலிருந்த வளையல்கள் கீழே விழுந்து உடைந்தன. நல்லவேளை, லாரிக்கு முன்னால் நின்றது ஒரு மாடு.

அப்போது மாடியிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தோம். கட்டிலடியில், தேயிலைப் பெட்டிக்குள், புதுப் போர்வைமேல் ராணி படுத்திருந்தது. மூன்று குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் எப்ப வாங்குனீங்க?" என்றாள் மனைவி.

"கிராணி சார், ஆபீஸ்ல வேலை பாக்குற படிச்ச மனுசன் செய்ற காரியமா இது? முன்கூட்டியே வாங்கலாமா?" என்றார் அண்ணன்.

நான் வாயைத் திறப்பதற்குள் நான்காவது குட்டி வந்தது. அது அசையவில்லை. ராணி ஒருமுறை நக்கிவிட்டுச் சோர்ந்துபோய்த் தலையைச் சாய்த்துக்கொண்டது.

விருந்துக்கு வந்திருந்த மிஸி, "வாயைத் துடைச்சு, துண்டால நல்லா உரசிவிடுங்க," என்றார்.

அண்ணன் குட்டியைக் கையில் எடுத்தார். எத்தனையோ ஆயிரம் சட்டைகளைக் கசங்காமல் மடித்த கைகளால் துண்டை எடுத்து உரசத் தொடங்கினார். "பொழைச்சுக்குமா மிஸி?" என்று கேட்டார். நான் என் மனைவியின் வயிற்றைப் பார்த்தேன். முன்கூட்டியே வாங்கியது நான்தானே. அந்தக் குட்டி மூச்சுவிடும் வரை நானும் மூச்சுவிடவில்லை.

'கீச்' என்று குட்டி ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. பள்ளி பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் அந்தப் பயம் எனக்கு இன்னும் வருகிறது.

அவள் பிறந்தது அந்த ஆவணிக்கு அடுத்த மாதம், ஒரு மத்தியான வேளையில். மிஸி என்னையும் அண்ணனையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே குழந்தையின் அழுகை கேட்டதும் டோபி அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து விம்மத் தொடங்கிவிட்டார். தகப்பனான முதல் பத்து நிமிடங்களை அவரைத் தேற்றுவதிலேயே கழித்தேன். அந்தப் பத்து நிமிடங்களை நான் வேறு எப்படியும் கழிக்க விரும்பியிருக்கமாட்டேன்.