வோக்கியில் வந்த நாலாம் குரல்

எண்பத்தாறாம் ஆண்டு புரட்டாதி மாதம், யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொன் தம்பிராசா ஒரு சபதம் எடுத்தார்.

"இந்தத் தீவுகளை எல்லாம் ஒண்டாக்கிப் போட்டுத்தான் கண்ணை மூடுவன்."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலோ, பிறகோ?" என்று கேட்டாள் மனைவி அன்னபூரணம்.

தம்பிராசா றெயில்வேயில் சிக்னல் பகுதியில் இருந்து பென்சன் எடுத்தவர். தபால் கந்தோர்த் தொலைபேசி செத்து ஏழு மாதம். கடிதம் வந்தால் வந்தது. இந்த நேரம் பார்த்துத்தான் அன்னபூரணத்தின் தம்பி டுபாயிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். அவள் அதைப் பிரித்து, மூன்று வோக்கிகளை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். கம்பியில்லாமல் பேசும் கையடக்கமான கறுப்பு வோக்கிகள். பொத்தானை அமத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்.

திட்டம் பெரியது. கரம்பொனில் தம்பிராசா. புளியங்கூடலில் அவருடைய கூட்டாளி வைத்திலிங்கம். நயினாதீவில் பாலசிங்கம். கரம்பொன் பேச்சு நேரே நயினாதீவுக்கு எட்டாது. வைத்திலிங்கம் கேட்டு, திருப்பிச் சொல்லவேண்டும்.

"ஒரு வாய் சொன்னதை அடுத்த வாய் சொல்லும். அதை இன்னொரு வாய் சொல்லும். விளங்குதோ?"

"இதைத்தானே நாங்கள் கிணத்தடியிலை இவ்வளவு காலமும் செய்யிறம்."

"அதுதான் பயம். பொம்பிளையள் வாய் வைச்சால் காத்தே அடைபட்டுப் போகும். நீர் இதைத் தொடப்படாது, சொல்லிப் போட்டன்."

அன்னபூரணம் ஓம் என்றாள். அவள் அவ்வளவு சுகமாக ஓம் என்றது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. தம்பிராசா அதைக் கவனிக்கவில்லை.

ஏரியலுக்கெனப் பனையில் வயர் ஏறியது. காணியின் பின்பக்கம் கார் பற்றறி இறங்கியது. நேவிக்குத் தெரிந்தாலும் கரைச்சல், இயக்கப் பெடியளுக்குத் தெரிந்தாலும் கரைச்சல் என்று, பேசி முடிந்ததும் வோக்கி நெல்லுப் பெட்டிக்குள் போய்விடும். பேசி முடிப்பவர் 'முடிஞ்சுது' என்று சொல்லவேண்டும் என்பது விதி. முதல் நாளே தம்பிராசா உற்சாகத்தில் கத்தினார்: "எங்கடை ஆழ்வாப்பிள்ளை அண்ணை உங்களைக் கேட்டவர்! முடிஞ்சுது!"

தெருவால் போனவர்களுக்குப் பெயரும் கடைசிச் சொல்லும் மட்டும்தான் கேட்டன. அரை மணித்தியாலத்தில் முற்றம் நிறையச் சனம். கடைசியாக ஆழ்வாப்பிள்ளையே வந்தார்.

"செத்தது நானெண்டு சொல்லிச்சினம். மெய்யோ எண்டு கேட்டுப்போட்டுப் போக வந்தனான்."

நாலாம் நாள்தான் அது வந்தது.

பொழுது படுகிற நேரம். காற்று விழுந்துவிட்டது. பனைகள் ஓலை அசைக்காமல் நின்றன. பின்வளவு வீட்டுக்காரர் கனடாவுக்குப் போய் வருசம் ஒன்று. அன்னபூரணம் பின்னேரத்தில் போய்க் கொளுத்தும் சாமி விளக்கு மட்டும் அந்த வெறும் வீட்டு யன்னலில் மினுங்கியது. பாலசிங்கம் பேசியதை வைத்திலிங்கம் திருப்பிச் சொல்லி முடித்தார். வோக்கி இரைந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து, கிணற்றின் அடியில் நின்று கதைப்பதுபோல, ஒரு பெண் குரல்:

"கேட்டனான்."

தம்பிராசா சுற்றிவரப் பார்த்துவிட்டு அமத்தினார். "வைத்திலிங்கம், உம்மடை வீட்டிலை ஆரும் வோக்கியைத் தொட்டவையோ?"

"இஞ்சை ஒருதரும் இல்லை, அண்ணை. நான் உங்கடை பக்கம் எண்டு நினைச்சன்."

அடுத்த நாள் அந்தக் குரல் அவர்கள் சொன்னதையெல்லாம் ஒன்றும் விடாமல் திருப்பிச் சொன்னது. "கரம்பொன் சுகம்... புளியங்கூடல் சுகம்..." யாருக்குச் சொல்கிறது? நயினாதீவுக்கு அப்பால் வோக்கி உள்ள ஆள் ஒருவரும் இல்லையே! அதற்கு அடுத்த நாள் பெயர் சொல்லியே கூப்பிட்டது.

"தம்பிராசா... கள்ளை விடு."

அவர் வோக்கியைக் கீழே போட்டுவிட்டார். புளியங்கூடலில் வைத்திலிங்கத்தோடு ஒளித்துக் குடித்தது. ஊரில் ஒரு குருவிக்கும் தெரியாது. அன்றோடு கள்ளு நின்றது. மூன்று நாளில் இன்னொரு கட்டளை வந்தது: "உனக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணிக்குச் சீனி ஆகாது."

"என்னப்பா, சீனி போடட்டோ?" என்று கேட்டாள் அன்னபூரணம்.

"வேண்டாம்."

"முகம் வெளிறிக் கிடக்குது?"

"ஒண்டுமில்லை."

"ரெண்டு வருசமா நான் சொல்லேக்கை கேக்காத மனுசன்!"

"இப்ப கேக்கிறன். விடுமப்பா."

வைத்திலிங்கம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று ராசியில்லாத எண். அதனால்தான் நாலாவது இடத்தில் அது வந்து குந்திக்கொண்டது. நெடுந்தீவில் ஒரு ஆளைப் பிடித்து இருத்திவிட்டால் அதற்கு இடமில்லை; அவருக்கு ஒரு வோக்கி பிறகு டுபாயிலிருந்து எடுக்கலாம். செவ்வாய்க்கிழமை விடிய பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளத்தில் போவதென்று முடிவானது.

திங்கள் பின்னேரம் மூவரும் அதைப் பற்றிப் பேசி முடித்தார்கள். குரல் வந்தது. ஆனால் அன்றைக்கு அது வேறுமாதிரி இருந்தது. கிணற்றுக்குள் பேசும் முழக்கம் இல்லை. உப்புத் தண்ணீர் குடித்துத் தடித்த தொண்டை.

"நாளைக்கு வள்ளம் எடுக்க வேண்டாம். காத்துத் திரும்பும்."

அவ்வளவுதான். இரைச்சல்கூட நின்றுபோனது.

விடிந்தபோது கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. பஸ்ரியாம்பிள்ளை சிரித்தார். "முப்பது வருசம் கடலிலை நிக்கிறன். இண்டைக்குக் குழந்தைப்பிள்ளையும் வள்ளம் ஓட்டும். ஏறுங்கோ, அண்ணை."

தம்பிராசா ஏறவில்லை. வைத்திலிங்கமும் ஏறவில்லை. வெட்கத்தில் இரண்டு பேரும் மணலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். பத்து மணிக்கு முன்னமே மேற்கே வானம் மை பூசிக்கொண்டது. காற்று ஒரு அடி அடித்தது, மழையும் கொட்டியது. கரையில் கட்டிக்கிடந்த வள்ளமே கயிற்றை அறுத்துக்கொண்டு புரண்டது. பஸ்ரியாம்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார்.

தம்பிராசா நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு ஓடிவந்தார். குசினி வாசலில் குந்தி, கள்ளுத் தொடக்கம் கடல் வரை எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அன்னபூரணம் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் தோள் குலுங்கியது. கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுந்துபோய் அலுமாரிச் சீலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு வோக்கியை எடுத்து வந்தாள்.

"தம்பி ஆறு அனுப்பினவன். உங்களுக்கு மூண்டு எடுத்துத் தந்தனான்."

தம்பிராசா விரல் மடித்து எண்ணினார்.

"ஒண்டு என்னட்டை. ஒண்டு வைத்திலிங்கத்தின்ரை பெண்சாதி கமலாதேவியிட்டை. கள்ளுக் கதை அவள் சொன்னது. மற்றது நெடுந்தீவிலை என்ரை தங்கச்சி பரிமளத்திட்டை. பின்வீட்டிலை விளக்குக் கொளுத்தப் போனால், குடத்துக்குள்ளை வாயை வைச்சு உங்களோடை கதைக்கிறது."

"நெடுந்தீவு வரைக்கும் கேக்குதோ?" சிக்னல்காரருக்கு அதுதான் பெரிய அடி.

"கமலாதேவி கேட்டுத் திருப்பிச் சொல்லுவாள். ரெண்டு கிழமையாக் கேக்குது. பரிமளத்தின்ரை மகளுக்கு மருத்துவிச்சி பிடிச்சுக் குடுத்ததும் இதாலைதான்."

தம்பிராசா நெடுமூச்சு விட்டார். பேய் இல்லை. பெண்சாதிதான். எது மேல் என்று அவருக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

"என்னவாயிருந்தாலும், நேற்று வள்ளம் எடுக்க வேண்டாமெண்டு சொன்னீரே, அது உயிரைக் காப்பாத்தினது."

அன்னபூரணத்தின் சிரிப்பு நின்றது.

"நேற்றோ? நேற்றுப் பின்னேரம் நான் கோயிலிலையெல்லோ நிண்டனான்."

உடனே கமலாதேவியைக் கூப்பிட்டாள். "நீங்கள்தான் எண்டு நானும் நினைச்சன், அக்கா," என்றாள் கமலாதேவி. "பரிமளமக்காவின்ரை பற்றறி ஞாயிற்றுக்கிழமையே செத்துப்போச்சு. அவவும் இல்லை."

ஆறு வோக்கி. ஆறுக்கும் கணக்குச் சரி. மழை விட்ட முற்றத்தில் ஒரு காகம்கூடக் கத்தவில்லை. தம்பிராசா மெல்ல நகர்ந்து மனைவிக்குப் பின்னால் போய் நின்றார்.

அன்னபூரணம் வோக்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு அமத்தினாள்.

"ஆரெண்டாலும் அக்கா, பெரிய உதவி செய்தனீங்கள். இன்னும் ஒண்டு கேக்கவேணும். எங்கடை முன்வேலி விழுந்து மூண்டு மாசம். மழை வரும், மழை வரும் எண்டு இவர் கட்டாமல் இருக்கிறார். நாளைக்கு மழையோ?"

விட்டாள். இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் அலை உருளும் சத்தம். அதற்கும் அடியிலிருந்து, தடித்த உப்புத் தொண்டை பதில் சொன்னது:

"மழை இல்லை. கட்டச் சொல்லு."

விடிய ஆறு மணிக்குத் தம்பிராசா பனையோலையும் கையுமாக வேலியடியில் நின்றார்.