பொம்மைக் கை செய்த பாவம்

பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த மாடியறைக்கு விடிந்ததிலிருந்தே வரிசை, படிக்கட்டு கொள்ளவில்லை. உள்ளே நகஞானி. நகத்தைப் பார்த்தே ஏழு தலைமுறைப் பாவத்தையும் சொல்லிவிடுவாராம். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு! ஞானக்கண் இருக்கும்போது சாதாரணக் கண்ணுக்கு எதற்கு வீண் வேலை?

துணிக்கடையில் விற்பனை பார்த்த பெண்ணுக்கு இது ஐந்தாவது வாரம். அவள் நகங்களில் ஊசி குத்தியது போல் குழிகள். மஞ்சளித்து, சதையை விட்டுக் கிளம்பியிருந்தன. துணியை விரித்துக் காட்டினால், வந்தவர்கள் விரலைத்தான் பார்த்தார்கள். "இனிமே கிடங்குல இரும்மா" என்று முதலாளி சொன்ன அன்றுதான் இங்கே ஓடி வந்தாள்.

ஞானி விரலில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் கிண்ணத்தில் முக்குவார். தண்ணீர் சிவக்கும். "பாவம் இறங்குது!" பிறகு நகத்தடியைக் குச்சியால் சுரண்டுவார். பாவம் இறங்கியதோ என்னவோ, நகம் இன்னும் கிளம்பியது.

சலவைக்கடையில் வேலை பார்த்த அவள் நாத்தனாருக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணி, மஞ்சக்கறையில சோப்பு பட்டாச் சிவக்கும். தினம் பார்க்கிறேன். அந்தத் துணியெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? கிண்ணத்துல சலவைச் சோடா கலந்திருப்பான்."

மறுவாரம் இருவரும் போனார்கள். ஞானி கண்ணை மூடியதும், துணிக்கடைப் பொம்மையின் கழன்ற கையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள் விற்பனைப் பெண்.

"கை ஏம்மா இவ்வளவு ஜில்லுனு இருக்கு?"

"பயம் சாமி" என்றாள் நாத்தனார்.

தடவினார். முக்கினார். சிவந்தது.

"ஆகா! முப்பாட்டன் பாம்பை அடிச்சிருக்கான்!"

"பிளாஸ்டிக்குக்கு ஏது சாமி முப்பாட்டன்?" பொம்மைக் கையை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள் அந்தப் பெண்.

ஞானி சாதாரணக் கண்ணைத் திறந்தார். வரிசை கொல்லென்று சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் அவர் பின்வாசலைத் தாண்டியிருந்தார்.

"இது சொரியாசிஸ். நகத்துலயும் வரும், யாருக்கும் ஒட்டாது" என்றார் தோல் மருத்துவர். "நகத்தை ஒட்ட வெட்டிக்கோ. சுரண்டவே கூடாது. ஈர வேலைன்னா கையுறை போடு. இந்தக் களிம்பைத் தினம் தடவு."

"முழுசாப் போயிடுமா டாக்டர்?"

"கட்டுக்குள்ள வைக்கலாம்மா. நகம் மெதுவாத்தான் வளரும், மாசக்கணக்கு ஆகும். களிம்புக்கு அடங்கலேன்னா வேற மருந்து இருக்கு."

'ஒட்டாது' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை முதலாளியின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். மறுநாளே கிடங்கிலிருந்து விற்பனை வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஆறு மாதத்தில் அடிநகம் வழவழப்பாக எட்டிப் பார்த்தது. ஒன்றிரண்டு விரல் மட்டும் இன்னும் முரண்டு பிடித்தது.

அந்த வரிசை? அடுத்த தெருவில் காதுமடலைப் பார்த்துக் கடன் தீர்க்கிறவர் வாசலில் நிற்கிறது. மகாஜனங்களே, மூளையை அடுத்தவனுக்கு வாடகைக்கு விடுவதற்கு முன், ஒரு நாளாவது நீங்களே குடியிருந்து பாருங்கள்!