சைனா தலைவருக்கு அடிச்ச ஃப்ளெக்ஸ்

போன வாரம் எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஃப்ளெக்ஸ் அடிச்சு கேட்ல கட்டணும்.

நான் வேலை பாக்குறது புதுச்சேரியில ஒரு விவசாயக் காலேஜ்ல. சைனாவுல வயக்காட்டு நடுவுல இருக்குற ஒரு விவசாய யுனிவர்சிட்டியோட தலைமை, எங்களோட ஒப்பந்தம் போட வருது. எங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தர் ரெண்டு வாரம் அங்க போய்ப் பாத்துட்டு வரலாம்.

"இத ஒழுங்கா முடி, ஒன்னத்தான் அனுப்புவேன்"னாரு பிரின்சிபால். மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுட்டேன்.

தலைவர் போட்டோ வேணுமே. அவங்க வெப்சைட்டத் தொறந்தா பூரா சைனீஸ். நடுவுல பெருசா ஒரு கண்ணாடி போட்ட மூஞ்சி. நம்ம ஊர்ல எந்த மூஞ்சி பெருசோ அவருதான தலைவர்? எடுத்துட்டேன்.

முத்தியால்பேட்டை ஃப்ளெக்ஸ் கடை செல்வம் தலையச் சொறிஞ்சான். "சார், கருப்பு வெள்ளையா இருக்கே. இப்படியே போட்டா கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சுக்குவாங்க."

"கலர் பண்ணிடுப்பா."

கன்னத்துக்கு ரோஸு, கோட்டுக்கு நீலம். கீழ 'வருக வருக, நீடூழி வாழ்க'. பத்தடி ஒசரம்.

அவங்க வர்ற அன்னைக்குக் காலைல கார் வந்து நின்னுச்சு. எறங்குனது ஒரு அம்மா. அவங்கதான் தலைவராம்.

அம்மா ஃப்ளெக்ஸையே பாத்துக்கிட்டு நின்னாங்க. மொழிபெயர்க்கக் கூட வந்த சைனாப் பொண்ணு தமிழ் படிச்சவ. 'நீடூழி வாழ்க'வ கடகடன்னு படிச்சுட்டு எங்கிட்ட மெதுவா சொன்னா: "ஐயா, இவர் எங்கள் பல்கலைக்கழகத்தின் நிறுவனர். இவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன."

"சாயங்காலம் ரூமுக்கு வா"ன்னாரு பிரின்சிபால், வாயத் தொறக்காமலே. சைனா கையவிட்டுப் போச்சுன்னு நெனச்சப்ப அழுகையே வந்துடுச்சு.

அந்த அம்மா ஃப்ளெக்ஸ் முன்னாடி இடுப்பு வளைய மூணு தடவ வணங்குனாங்க. நிமிந்தப்ப கண்ணு கலங்கியிருந்துச்சு. என்னமோ சொன்னாங்க. பொண்ணு தமிழ்ல சொன்னா: "எங்கள் ஊரில்கூட இவரை இவ்வளவு பெரிதாக யாரும் வைத்ததில்லை. இது யாருடைய எண்ணம்?"

நான் ஒரு எட்டு முன்னாடி வச்சேன்.

"என்னோடதுதாங்க"ன்னாரு பிரின்சிபால். "ஆரம்பிச்சவர மறக்கலாமா?"

"அப்படியென்றால் நீங்களே எங்கள் ஊருக்கு வர வேண்டும்."

அடுத்த மாசம் அவரு கெளம்புறாரு. எனக்கும் புத்தி வந்துடுச்சு.

இனிமே யாருக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சாலும், கீழ ஓரமா கைகூப்பிக்கிட்டு என் போட்டோவும் இருக்கும்.